சாவு வீட்டில் சிரிக்க வைத்தவர்

நியாமரோவா கடைத்தெருவில் சோளம் அரைக்க ஒரே ஒரு மில்தான். அதை ஓட்டியவர் முனெட்சி. காலையில் கறுப்பு மனிதராகக் கிளம்பிப் போய், சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளையாகத் திரும்பி வருவார். வாசலில் நின்று, "இந்த ஊர்லயே வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டவ நீ ஒருத்திதான், ரும்பி அம்மா" என்பார். எஸ்னாத், "ஐயே, போதும். போய்க் குளிங்க" என்பாள். மகள் ரும்பி பிறந்து, வளர்ந்து, ஜோகனஸ்பர்க்குக்கு வேலைக்கும் போய்விட்டாள். இந்தக் கிண்டல் மட்டும் இன்னும் புதுசாகவே இருக்கிறது என்று மனிதருக்கு எண்ணம்.

அவருக்கு அடையாளம் இரண்டு. ஒன்று, மாவு அப்பி அப்பிப் பச்சை நிறமே மறைந்துபோன கம்பளித் தொப்பி. இன்னொன்று, நொண்டல். இளவயதில் மில் பட்டை இடது காலைப் பிடித்து இழுத்துவிட்டது. அன்றிலிருந்து இடது பக்கம் சாய்ந்து, ஒரு கணம் நின்று, ஏதோ ஞாபகம் வந்தவர் போல நிமிர்ந்து அடுத்த அடி வைப்பார். ஊர்க்கோடியில் வந்தாலும் அவர்தான் என்று தெரிந்துவிடும். மூன்றாவதாக வாயையும் சொல்லலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயை அடக்கச் சொல்லி எஸ்னாத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதுதான் மிச்சம்.

மில்லில் சோளம் அரைபடும் வரைக்கும்தான் அந்த ஊரில் பேச்சு. இயந்திரம் போடுகிற சத்தத்தில் அடுத்தவள் பேசுவது மூன்றாமவள் காதில் விழாது. அந்தத் தைரியத்தில் வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லாவற்றையும் பேசுவார்கள்: சர்க்கரை விலை, மருந்தில்லாத ஆஸ்பத்திரி, தேர்தல் அன்று எந்த ஓட்டுப் பெட்டி எங்கே போனது என்பது வரை. கரண்ட் போய் மில் நின்றால் போதும், அத்தனை வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அப்போது முனெட்சி மட்டும், "மில்லுதானே நின்னுச்சு? நாக்குமா நின்னுச்சு?" என்று உரக்கக் கேட்பார். ஒருத்தியும் சிரிக்கமாட்டாள்.

எதையும் பேச அவருக்கு உரிமை இருந்த வீடு ஒன்று உண்டு. அது கட்சிச் சேர்மன் குவென்சியின் வீடு. முனெட்சி குரங்குக் குலம், குவென்சி சிங்கக் குலம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று சஹ்விரா. சிநேகிதம் சாவோடு முடியும், சஹ்விரா உறவு சாவில்தான் வேலையைத் தொடங்கும். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் மற்ற வீட்டுக்காரர்தான் வந்து பொறுப்பேற்க வேண்டும். செத்தவரின் துணியை மாட்டிக்கொண்டு, செத்தவர் மாதிரியே நடந்து, பேசி, மூடி வைத்ததையெல்லாம் போட்டு உடைத்து, அழுகிற வீட்டைச் சிரிக்க வைக்க வேண்டும். அந்த வீட்டார் சிரிக்காவிட்டால் செத்தவர் வாசலைத் தாண்டமாட்டார் என்பது முனெட்சியின் வாதம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. உயிரோடு இருக்கும்போதும் கண்ட இடத்தில் திட்டிக்கொள்வதுதான் முறை. மரியாதையாகப் பேசினால் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

"ஏய் குரங்கே, இன்னும் உன்னை யாரும் சுட்டுத் தின்னலையா?" என்று சேர்மன் வண்டியிலிருந்தபடியே கத்துவார்.

"சிங்கத்துக்குத்தான் பல்லு கொட்டிப் போச்சே! களியைக் கரைச்சுக் குடிக்கிற வாய்க்கு என் கறி கேக்குதா?" என்று முனெட்சி மில்லிலிருந்து பதில் கொடுப்பார்.

சேர்மன் ஆளும் கட்சி. முனெட்சியின் ஓட்டு எந்தப் பக்கம் என்பது சேர்மனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் ஒரே தட்டில் சட்ஸாக் களியைப் பிட்டுத் தின்றவர்கள். சேர்மனின் மகன் லக்மோரும் வாலிபனானதும் முறைப்படி முனெட்சியைக் கேலி செய்யப் பழகினான். தொப்பியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நொண்டிக் காட்டுவான். முனெட்சி தலையில் அடித்துக்கொள்வார். "மடையா, வலது கால்ல நொண்டுறியே! இடது காலுடா, இடது காலு. நான் செத்த அன்னிக்கு இப்படி நொண்டி என் மானத்தை வாங்கிடாதே."

இந்த நிலையில்தான் ஹாட்லி வந்து சேர்ந்தாள். அமெரிக்காவில் கல்லூரியில் படிக்கிற பெண். இரண்டு நாட்டு மக்களும் அரசியலை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒப்பிட்டு எழுத வந்திருந்தாள். ரும்பியின் அறை காலியாக இருந்தது, கொடுத்தார்கள். வந்த அன்றே முனெட்சி அவளிடம் குலம் என்னவென்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றாள். குலம் இல்லாமல் ஒரு மனுஷியா? சட்டைப்பையிலிருந்து, அந்த ஊரிலும் செல்லுபடியாகிற அமெரிக்க டாலர் நோட்டு ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். "இதோ பாரு, உங்க காசுலயே கழுகு உக்காந்திருக்கு. நீ கழுகுக் குலம். இனிமே இல்லைன்னு சொல்லாதே, அசிங்கம்." அன்றிலிருந்து அவளைக் கழுகு என்றே கூப்பிட்டார்.

நல்ல பெண்தான், பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் தூக்கினாள், கீரை ஆய்ந்தாள், கையைக் குவித்துத் தட்டி வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே! சந்தையில் தக்காளி விற்கிறவளிடம் போய், எடுத்த எடுப்பில், "அரசாங்கத்தைக் குறை சொல்ல உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்பாள். தக்காளிக்காரி, "பயமா? எதுக்கு? எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே அடுக்கிய தக்காளியைத் திரும்ப அடுக்குவாள். ஊர் முழுக்க அதே பதில்தான். சாயங்காலம் அடுப்படியில் ஹாட்லி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அப்பா, யாருக்குமே பயமில்லைங்கறாங்க. ஆனா அதைச் சொல்றப்ப பின்னாடி திரும்பிப் பாக்கறாங்க."

"கழுத்து சுளுக்கா இருக்கும்."

"கிண்டல் பண்ணாதீங்க. எங்க ஊர்ல நான் நடுத்தெருவுல நின்னு எங்க ஜனாதிபதி ஒரு முட்டாள்னு கத்தலாம். ஒருத்தரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

"அப்படியா? நீ கத்தறது அவர் காதுல விழுமா?"

"எங்க விழும்? யார் கேக்கறாங்க?"

"அதாம்மா வித்தியாசம். எங்க நாட்டுல கேக்கறாங்க. ஒவ்வொருத்தர் பேசறதையும், ஒரு வார்த்தை விடாம கேக்கறாங்க."

ஹாட்லி விழுந்து விழுந்து சிரித்தாள். எஸ்னாத் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

இன்னொரு நாள், தன் அப்பாவும் சித்தப்பாவும் ஓட்டுத் தகராறில் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள் என்றும், பண்டிகை வந்தால்கூடத் தனித்தனியாகத்தான் சாப்பாடு என்றும் ஹாட்லி சொன்னாள். முனெட்சி களியை மெல்வதை நிறுத்திவிட்டார். "ஓட்டுக்காகவா கூடப்பிறந்தவன் தட்டைத் தள்ளி வைப்பான்? போய் ரெண்டு பேர் மண்டையிலயும் ஒரு போடு போட உங்களுக்கு ஒரு சஹ்விரா கிடையாதா?"

"கிடையாதுப்பா."

"ஐயோ பாவம்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். சேர்மனைப் பற்றியும், ஒரே தட்டில் சாப்பிடுவதைப் பற்றியும் அவர் அன்று சொன்னதையெல்லாம் அந்தப் பெண் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சேர்மன் குவென்சி செத்துப்போனார். சர்க்கரை வியாதி முற்றிப்போயிருந்தது. செய்தி வந்ததும் முனெட்சி மில்லை நிறுத்திவிட்டு, மாவோடு மாவாக ஓரமாய் உட்கார்ந்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுந்திரு ரும்பி அம்மா, வேலை இருக்கு" என்றார்.

ஹாட்லி போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டாள். எஸ்னாத்துக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. "வேணாம்மா. சாவு வீட்டுல என்ன படம்?"

"எடுக்கட்டும் விடு" என்றார் முனெட்சி. "இன்னிக்கு அந்த வீட்டுக்கு நான்தான் ராஜா. நான் சொல்றேன், எடுத்துக்கோ கழுகு. சாவு வீட்டுல சஹ்விரா பேசினதுக்கு எந்தக் கோர்ட்லயும் கேஸ் கிடையாது."

அவர் பிறந்த ஊரில், அவர் வளர்ந்த வழக்கத்தில், அது சத்தியமான பேச்சு. ஊருக்கு வெளியேயும் அது செல்லும் என்று நினைத்தாரே, அங்கேதான் அறிவு கெட்டுப்போனார்.

புதைத்து முடிக்கிற நேரம். சேர்மனின் காக்கி கோட்டையும் தோல் தொப்பியையும் மாட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு முனெட்சி கூட்டத்துக்குள் வந்தார். சேர்மன் ஆயுள் முழுக்க டிவியைப் பார்த்துப் பார்த்து 'பெரியவர்' என்று எல்லோரும் சொல்கிற ஜனாதிபதியைப் போலவே செய்யப் பழகியிருந்தவர். பேசுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்பார். விரலை நக்கிக் காகிதம் புரட்டுவார். நெடுநேரம் ஊமையாக நின்றுவிட்டு, "என் குழந்தைகளே" என்பார். முனெட்சி அத்தனையும் செய்தார்.

"என் குழந்தைகளே! ரோடு வரும்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்? அது போன தேர்தலுக்கே கிளம்பிடுச்சு. வர்றதுக்கு நல்ல ரோடு இல்லாததால லேட்டாகுது."

பெண்கள் பக்கம் ஒரு கேவல் பாதியில் சிரிப்பாக உடைந்தது.

"உர மூட்டையும் வந்துச்சு. அசதியா இருக்குன்னு என் வீட்டுல படுத்துத் தூங்குது. எழுப்பாதீங்க, பாவம்."

சேர்மனின் விதவை முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். லக்மோர் கண்ணைத் துடைத்தபடி, "போதும் மாமா, செத்துடுவேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கட்சிச் சட்டை போட்ட பையன்கள்கூடச் சிரித்தார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாசலில் வைத்திருந்த அண்டாத் தண்ணீரில் ஆளாளுக்குக் கை கழுவினார்கள். அங்கே பேசினது அந்தத் தண்ணீரோடு போயிற்று. ஹாட்லியும் கை கழுவினாள். போனைத்தான் கழுவ முடியாது.

அவள் எழுதினாள். எழுதியதை அடுப்படியில் படித்தும் காட்டினாள். "என் நாட்டில் எல்லோரும் வாய் கிழியப் பேசுகிறோம், ஆனால் ஒரு தட்டில் சாப்பிட முடியவில்லை. இவர்கள் வாயை மூடிக்கொண்டு வாழ்கிறார்கள், ஆனால் அதிகாரத்தைக் கண்ணுக்கு நேரே கேலி செய்ய ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள்." முனெட்சிக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லூரிக்காரர்கள் அதைக் கணினியில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள், கூடவே சாவு வீட்டுப் படத்தில் ஒரு துண்டையும்.

அந்தத் துண்டை வெளிநாட்டில் குடியேறிவிட்ட இந்த நாட்டு ஆட்கள் யாரோ எடுத்து இன்னும் சின்னதாக வெட்டினார்கள். சவப்பெட்டி போயிற்று, அழுகிற விதவை போனாள், குழி போயிற்று. மிச்சம் இருந்தது ஒரு மனிதன். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்கிறான், விரலை நக்குகிறான், "என் குழந்தைகளே" என்கிறான், சுற்றிலும் சனம் உருண்டு சிரிக்கிறது. "பெரியவரைப் பார்த்துக் கிராமமே சிரிக்கிறது" என்று கீழே எழுதி ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள்.

ஏதோ சரியில்லை என்று எஸ்னாத்துக்குத் தக்காளிக்காரியிடம்தான் முதலில் தட்டுப்பட்டது. காசை வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. மில் வரிசையில் ஒரு பெண் போனை இடுப்பில் சுற்றிய துணிக்குள் மறைத்துக் காட்டினாள். "அக்கா, நான் காட்டினேன்னு சொல்லிடாதீங்க." ஊரெல்லாம் பார்த்த பிறகு கடைசியாகப் பார்த்தவள் எஸ்னாத்தான். வீட்டுக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வாரம் நம்பர் பலகை இல்லாத வெள்ளைப் பிக்அப் ஒன்று மில்லுக்கு எதிரே வந்து நின்றது. கூர்முனை ஷூ போட்ட இரண்டு பேர் இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். கையில் சோளம் இல்லை, சாக்கு இல்லை. பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வழிவிட்டார்கள். அன்று சோறு கொண்டுபோயிருந்த எஸ்னாத் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான் சிரிக்க வைக்கிற ஆளாமே?" என்றான் உயரமானவன்.

"மாவு அரைக்கிற ஆளுங்கய்யா."

"நாங்க ரொம்ப தூரத்துல இருந்து வர்றோம். கொஞ்சம் சிரிக்க வைங்களேன்."

முனெட்சி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "யாராவது செத்தாத்தான்யா நான் அதைச் செய்வேன். இப்ப யாரும் சாகலையே."

அவன் சிரித்தான். நல்ல வெள்ளைப் பற்கள். "பரவாயில்லை. காத்திருக்கோம்."

கோக் வாங்கி வண்டியில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து எஸ்னாத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஹாட்லி அழுதாள். படத்தை நீக்கச் சொல்லிவிட்டதாகவும், கல்லூரிக்காரர்கள் நீக்கியும் விட்டார்கள் என்றும், ஆனால் ஆயிரம் இடத்தில் அது இருக்கிறது என்றும் சொன்னாள். முனெட்சி மட்டும் நிதானமாக இருந்தார்.

"எதுக்கு இப்படி ஒப்பாரி? லக்மோர் இருக்கான்ல? அப்பன் நாற்காலி இப்ப அவனுக்குத்தான். 'இவர் எங்க சஹ்விரா, கேலி பண்ணது எங்க அப்பாவை, அதுக்கு நாங்கதான் கூப்பிட்டோம்'னு அவன் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. அவன் கட்சிக்காரன், அவன் பேச்சைத் தட்ட முடியாது."

"நான் போய்க் கேக்கறேன்" என்று எஸ்னாத் எழுந்தாள்.

குவென்சி வீட்டு வாசலில் லக்மோர் புதுக் கட்சிச் சட்டையோடு நின்றிருந்தான். இவளைக் கண்டதும், 'குரங்குக் குட்டி போட்ட கிழவி வந்துட்டா, வாழைப்பழத்தை ஒளிச்சு வைங்கடா' என்று கத்த வேண்டியவன், கையைக் குவித்துத் தட்டினான். "வாங்கம்மா. உள்ள வந்து உக்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

எஸ்னாத் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டீ வந்தது, சர்க்கரை போட்டு. மேசை ஓரத்தில் இரண்டு காலி கோக் பாட்டில்கள் இருந்தன.

"லக்மோர், விஷயம் உனக்குத் தெரியும். ஒரு வார்த்தைதான்டா. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"நம்ம வழக்கம் எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குத் தெரியாது."

"அதனாலதான் நீ சொல்லணுங்கறேன்!"

"சொல்றேம்மா. நேரம் பாத்துச் சொல்றேன். நீங்க டீயைக் குடிங்க."

"டேய்! என்னைத் திட்டுடா. ஒரே ஒரு தடவை கிழட்டுக் குரங்கோட பெண்டாட்டின்னு கூப்பிடு, நான் நிம்மதியாப் போயிடறேன்."

லக்மோர் கதவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "பாத்துப் போங்கம்மா" என்றான். எஸ்னாத் டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

"என்ன சொன்னான் சிங்கக்குட்டி?" என்று முனெட்சி கேட்டார்.

"டீ கொடுத்தான்."

"டீயா?"

"சர்க்கரை போட்டு. வாங்கம்மா, போங்கம்மான்னான்."

முனெட்சி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதிலிருந்து மாவு உதிர்ந்து முழங்காலில் விழுந்தது. அன்று அவர் வேறு எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து எஸ்னாத் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஹாட்லியை அழைத்துப்போக அவளுடைய தூதரகத்திலிருந்து வண்டி வந்தது. பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அவள் முனெட்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, வண்டியில இடம் இருக்கு. ஏறுங்க. தலைநகருக்குப் போயிடலாம்."

"ஓடினா குத்தம் பண்ணவன்னு ஆயிடும் கழுகு. நான் அழுத வீட்டைச் சிரிக்க வைச்சேன். அது குத்தமா?"

"ஏறித் தொலைங்களேன்!" என்று எஸ்னாத் கத்தினாள். "உங்க வீராப்பை யார் பாக்கப் போறா இங்க?" அவர் தலையை ஆட்டிவிட்டு மில்லுக்குக் கிளம்பினார், இடது பக்கம் சாய்ந்து, நின்று, நிமிர்ந்து. எஸ்னாத் ஹாட்லியின் பக்கம் திரும்பினாள். "நீ நல்ல பொண்ணு. அது எனக்குத் தெரியும். ஆனா உன்னை இந்த வீட்டுக்குள்ள விட்ட நாள் நாசமாப் போகட்டும். உனக்கு ஏறிப் போக வண்டி வருது பாரு. அதையும் உன் ஒப்பீட்டுல எழுதிக்கோ." அந்தப் பெண் தேம்பினாள். வண்டி போன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று எஸ்னாத்துக்கு மனசு அடித்துக்கொண்டது. சொன்னது தப்பில்லை என்றும் தோன்றியது.

அவரை நடுப்பகலில், மில்லில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். யாரோ சொல்லி எஸ்னாத் ஓடி வந்தபோது பிக்அப் கிளப்பிய புழுதிகூட அடங்கிவிட்டது. மில் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே சோளம் இல்லாமல் வெறும் இரும்பு கடகடத்தது. வரிசை கலையாமல் பெண்கள் அப்படியே நின்றார்கள். இவ்வளவு சத்தம் இருந்தும் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தக்காளிக்காரிதான் அவள் காதருகே வந்தாள். "அக்கா, 'மூட்டை வாயைக் கட்டலை, ரும்பி அம்மாவைக் கட்டச் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் ஏறினாரு. தொப்பியோடதான் போனாரு." எஸ்னாத் போய் மூட்டையைக் கட்டினாள். சுவிட்சை அணைக்கத் தெரியாமல் எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள்.

அப்புறம் அலைச்சல். ஒவ்வொரு ஸ்டேஷனிலும், "அந்தப் பேர்ல இங்க யாரும் வரலைம்மா. உங்க ஆளு வேற எங்கயாவது போயிருப்பாரு, தேடிப் பாருங்க" என்றார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் கண்ணடித்து, வேறு பெண் யாராவது இருப்பாள் என்றார். ஹாட்லி அவள் ஊரிலிருந்து போன் செய்தாள். பத்திரிகைகளில் எழுதியிருக்கிறாளாம், பெரிய பெரிய ஆட்களைப் பார்த்தாளாம். "இங்க எல்லாரும் இதைப் பத்திப் பேசறாங்கம்மா."

"யாராவது கேக்கறாங்களாடி?" என்றாள் எஸ்னாத்.

பிறகு லைன் அறுந்துபோனது.

லக்மோர் வீட்டுப் பக்கமே எஸ்னாத் போகவில்லை. அவன் ஊரில் இல்லை என்று மட்டும் கேள்விப்பட்டாள். கட்சிக் கூட்டத்துக்குப் போயிருப்பான், டீ குடிக்க என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலை வேளையில் அவள் முற்றத்தில் உட்கார்ந்து கதிரிலிருந்து சோளத்தை உதிர்த்துக்கொண்டிருந்தாள். நாய் தலையைத் தூக்கி வாலை ஆட்டியது. பாதைக்கோடியில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் அந்தத் தொப்பி தெரிந்தது. மாவு அப்பிய தொப்பி. கீழே அவருடைய மில் கோட்டு. ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, நிமிர்ந்து வருகிற நடை.

"ரும்பி அப்பா!"

மடியிலிருந்த சோளம் முற்றம் முழுக்கச் சிதறியது. அவள் வேலி வரைக்கும் ஓடினாள். விட்டுட்டாங்க, விட்டுட்டாங்க, கடவுளே, விட்டுட்டாங்க. படலைத் திறந்துகொண்டு கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

வருகிற ஆள் வலது பக்கம் சாய்ந்தான்.

அவனுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், குவென்சி வீட்டு மாட்டு வண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதில் போர்வை போர்த்திய ஒன்று நீளமாகக் கிடந்தது. வண்டிக்குப் பின்னால் சேர்மனின் விதவை தலையில் துணியைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள்.

லக்மோர் வாசலில் நின்றான். முகமெல்லாம் மாவைப் பூசியிருந்தான். கண்ணீர் வழிந்த இடத்தில் மட்டும் இரண்டு கறுப்புக் கோடுகள். உரக்க, முனெட்சியின் குரலிலேயே ஆரம்பித்தான்.

"இந்த ஊர்லயே வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டவ நீ ஒருத்திதான், ரும்பி அம்மா."

எஸ்னாத் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கெங்கயோ படுக்க வைச்சாங்க. கடைசியில ஒரு ஆஸ்பத்திரி ஐஸ் ரூம்ல, பேரு இல்லாதவங்க கூட. உனக்குத் தெரியுமா, சிங்கக் குலத்துல ஒரு கோழிக்குஞ்சு இருந்துச்சு. உனக்கு டீ போட்டுக் கொடுத்துச்சே, அதேதான். ஒரு வார்த்தை சொல்லுடான்னா வாயில மாவை அடைச்சுக்கிச்சு. நான் செத்த பிறகு வந்து, ஐஸ் ரூம்காரன்கிட்ட, 'இவர் எங்க சஹ்விரா, கொடுங்கய்யா'ன்னு கத்துது. இப்பக் கத்துது, கோழி!"

குரல் உடைந்தது. அவன் தொப்பியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, முற்றத்தைச் சுற்றி நொண்ட ஆரம்பித்தான். சிதறிக் கிடந்த சோளம் காலடியில் நெறிபட்டது. வண்டி படலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டது. வீட்டார் சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

எஸ்னாத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொன்னாலும் சரி, சிரிப்பு என்று சொன்னாலும் சரி.

"இடது காலுடா, மடையா" என்றாள். "இடது காலு. எத்தனை தடவை சொன்னாரு உனக்கு."